யாரிடம் பாடம்? வெளிநாட்டில் ஜப்பானிய வாள்கலை கற்க ஆசிரியரைத் தேடும் முறை

சங்கீதம் கற்ற இருவர் முதன்முறை சந்தித்தால், சற்று நேரத்திலேயே "யாரிடம் பாடம்?" என்ற கேள்வி வந்துவிடும். பட்டமும் விருதும் கச்சேரிக் கணக்கும் அதற்குப் பிறகுதான். ஜப்பானிய வாள்கலைக்கு ஆசிரியர் தேடுபவரும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். லண்டனிலோ டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாள் கற்க விரும்பும் ஒருவர், இந்தக் கேள்வியைக் கேட்கவும் வரும் பதிலைச் சரிபார்க்கவும் தெரிந்துகொண்டால், போலிகளிடம் சிக்குவது அரிது. எனக்கு அது தெரியாமல் 14 மாதங்களை இழந்தேன். அந்தக் கதையை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: எதைக் கற்கப் போகிறீர்கள்?

"வாள் கற்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் தேடல் எங்கும் போய்ச் சேராது. ஜப்பானிய வாள்கலை என்பது ஒரே கலை அல்ல.

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதற்குத் தடை வந்தது. சாமுராய் வகுப்பின் காலம் அத்துடன் முடிந்தது. இந்த மாற்றத்துக்கு முன்பே தோன்றி, ஆசிரியர் மாணவர் தொடர்ச்சி அறுபடாமல் இன்றுவரை வந்திருக்கும் மரபுகளைக் 'கொரியு' என்பார்கள். பழைய ஓட்டம் என்று பொருள். ஒவ்வொரு மரபின் பெயரும் 'ரியூ' என்று முடியும். நாட்டியத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்கிறோமே, ஏறத்தாழ அதுபோல. கத்தோரி ஆலயத்தை ஒட்டி 15ஆம் நூற்றாண்டில் ஈசாசா சோய்சாய் இயெனாவோ தொடங்கிய தென்ஷின் ஷோதென் கத்தோரி ஷிந்தோ ரியூ, ஜப்பானை ஆண்ட தோக்குகாவா ஷோகன்களுக்கு வாள் கற்பித்த யாக்யூ ஷின்ககே ரியூ, ஓனோ-ஹா இத்தோ ரியூ, புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியின் வழி வந்த நிதென் இச்சி ரியூ ஆகியவை இந்த வகை. இவற்றில் பெரும்பாலும் இருவர் எதிரெதிரே நின்று, மர வாளால், வகுக்கப்பட்ட அசைவுகளைப் பழகுவார்கள். அந்த அசைவுத் தொகுப்புக்குக் 'கட்டா' என்று பெயர்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு உருவம் பெற்றவை நவீனக் கலைகள். மூங்கில் வாளும் கவசமும் கொண்டு உண்மையாகவே அடித்துப் பழகுவது கென்டோ. உறையிலிருந்து வாளை உருவி, வெட்டி, மீண்டும் உறையிலிடும் அசைவுகளைத் தனியாகப் பழகுவது இயாய்டோ. நனைத்துச் சுருட்டிய கோரைப்பாயை உண்மையான வாளால் வெட்டிப் பழகுவது தாமெஷிகிரி; அதன் வேர் மட்டும் இந்த மாற்றத்துக்கு முந்தையது.

புதியவர்கள் பலர் கொரியுவே 'அசல்' என்றும், கென்டோவும் இயாய்டோவும் ஒரு படி கீழே என்றும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அது தவறு. கென்டோவில் உள்ள அளவு நேரடி எதிர்ப்பும் வேகமும் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. 1912இல் பல மரபுகளின் ஆசான்கள் கூடி வகுத்த கென்டோ கட்டாக்கள் பத்தும் இன்றும் அதற்குள் இருக்கின்றன. இயாய்டோவோ பழைய மரபுக்கே வாசலாகிறது. அடுத்த படியில் அதைத்தான் விளக்கப் போகிறேன். வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தக் கட்டுரையிலேயே அதிகம் பயன்படக்கூடிய செய்தி அது.

இரண்டாம் படி: கூட்டமைப்புகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

அனைத்து ஜப்பான் கென்டோ கூட்டமைப்பு 1952இல் அமைந்தது. உலக அளவிலான சர்வதேச கென்டோ கூட்டமைப்பு 1970இல் வந்தது. கென்டோ, இயாய்டோ, கைத்தடிக் கலையான ஜோடோ ஆகிய மூன்றும் இதன் கீழ் வருகின்றன. நாட்டுக்கு ஓர் அமைப்பு இதில் இணைந்திருக்கும். பிரிட்டனில் பிரிட்டிஷ் கென்டோ சங்கம், கனடாவில் கனடிய கென்டோ கூட்டமைப்பு, அமெரிக்காவில் அனைத்து அமெரிக்க கென்டோ கூட்டமைப்பு. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்களுக்கு மேலே ஐரோப்பிய கென்டோ கூட்டமைப்பு இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கென்டோ சங்கங்கள் உண்டு. உங்கள் நாட்டுச் சங்கத்தின் இணையதளத்தைத் திறந்து, உறுப்புப் பயிற்சிக்கூடங்களின் பட்டியலைப் பாருங்கள். பயிற்சிக்கூடத்துக்கு 'டோஜோ' என்று பெயர். எந்த டோஜோவில் எந்த எந்தக் கலை நடக்கிறது என்பது அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும்.

அனைத்து ஜப்பான் கென்டோ கூட்டமைப்பு, இயாய்டோவில் பல மரபினரும் ஒரே அளவுகோலில் தேர்வு எழுதவும் பொதுவாகப் பழகவும் ஒரு பொதுத் தொகுப்பை 1969இல் வகுத்தது. அப்போது 7 கட்டாக்கள். 1980இல் 3, 2000இல் 2 என்று சேர்ந்து இப்போது 12. இதைச் 'செய்தெய்' என்பார்கள். புதிதாகச் சேருபவர் இதில்தான் தொடங்குவார். ஆனால் இயாய்டோ ஆசிரியர் பெரும்பாலும் செய்தெய்யுடன் நிறுத்துவதில்லை. அவரே ஒரு பழைய மரபில் பாடம் கேட்டவராக இருப்பார். பெரும்பாலும் அது முசோ ஜிக்கிதென் எய்ஷின் ரியூ அல்லது முசோ ஷின்தென் ரியூ. இரண்டும் 16ஆம் நூற்றாண்டின் ஹயாஷிசாகி ஜின்சுகேயைத் தம் முதல்வராகச் சொல்பவை. தோசா நாட்டின் வழியே, அதாவது இன்றைய கோச்சி மாகாணத்தின் வழியே, நமக்கு வந்தவை. செய்தெய் ஓரளவு கைவந்ததும் ஆசிரியர் தம் மரபின் கட்டாக்களைக் கற்பிக்கத் தொடங்குவார். ஜோடோவிலும் இதே ஏற்பாடுதான். பொதுத் தொகுப்பின் பின்னால் ஷிந்தோ முசோ ரியூ என்ற பழைய மரபு நிற்கிறது.

ஆகவே பழைய மரபு வேண்டும் என்பவர் மலையேறி ரகசிய ஆசானைத் தேட வேண்டியதில்லை. உள்ளூர்ப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை மாலை நடக்கும் இயாய்டோ வகுப்பிலேயே அது இருக்கக்கூடும்.

ஜப்பானியப் பண்பாட்டு மையங்களையும் விட்டுவிடாதீர்கள். டொராண்டோவில் உள்ள ஜப்பானிய கனடியப் பண்பாட்டு மையம் போன்ற இடங்களில் பல போர்க்கலைகள் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது சரிதானா என்பது பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரிந்திருக்கும். போலிகள் அத்தகைய இடத்தில் நீடிப்பது கடினம்.

மூன்றாம் படி: நேரடியாகக் கொரியு தேடுவோருக்கு

இந்தப் பாதை குறுகலானது. கென்டோவைப் போல இங்கே மையக் கூட்டமைப்பு கிடையாது. ஒவ்வொரு மரபுக்கும் ஒரு தலைவர், அவருக்குக் கீழே சில ஆசிரியர்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் பெரும்பாலும் இருப்பது 'கெய்கோகாய்' எனப்படும் பயிற்சிக் குழு. ஐந்து பேரோ எட்டுப் பேரோ சேர்ந்து பழகுவார்கள். அவர்களை வழிநடத்துபவர் ஜப்பானில் சில ஆண்டுகள் தங்கிக் கற்றவராகவோ, ஆண்டுதோறும் ஜப்பான் சென்று வருபவராகவோ இருப்பார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குழுவை நடத்துபவரிடம் முழு உரிமம் இல்லாமல் இருக்கலாம். பழைய மரபுகளில் தகுதி ஏறுவது மொக்குரோக்கு, மென்க்யோ, மென்க்யோ கைடென் என்ற வரிசையில். மொக்குரோக்கு என்பது பாடங்களின் பட்டியலைப் பெற்ற நிலை. மென்க்யோ கைடென் என்பது முழுப் பாடமும் ஒப்படைக்கப்பட்ட நிலை. நடுவில் உள்ள படிகளின் பெயரும் எண்ணிக்கையும் மரபுக்கு மரபு மாறும். கைடென் பெற்றவர்கள் ஜப்பானிலேயே சிலர்தான். அதனால் "நான் இன்னும் மாணவன்தான். குழுவை நடத்த என் ஆசிரியர் அனுமதித்திருக்கிறார். அவர் வரும்போது எல்லோரையும் திருத்துவார்" என்று ஒருவர் சொன்னால் நம்பிச் சேருங்கள். மதிப்புக்குரிய பதில் அது. படி குறைவு என்பதைக் குறையாகக் கருத வேண்டாம். அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

ஜப்பானில் பழைய மரபுகளை ஒன்றுகூட்டும் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று 1935இல் தொடங்கிய நிஹோன் கொபுடோ ஷின்கோகாய். மற்றது 1979இல் தொடங்கிய நிஹோன் கொபுடோ கியோகாய். தோக்கியோவின் நிப்போன் புடோகானில் பிப்ரவரியிலும், மெய்ஜி ஆலயத்தில் நவம்பர் 3 அன்றும் பல மரபினர் கூடிக் கலையை நிகழ்த்திக் காட்டுவார்கள். ஒரு மரபு இவற்றில் இடம்பெற்றிருந்தால் அது ஒரு நல்ல சான்று. இடம்பெறாததாலேயே ஒன்றைப் போலி என்றும் சொல்லிவிட முடியாது. எதிலும் சேராமல் ஊர் எல்லைக்குள்ளேயே வாழும் மரபுகளும் உண்டு.

வெளிநாட்டவரை ஏற்பதில் மரபுகள் இப்போது தயங்குவதில்லையா என்று கேட்பார்கள். கத்தோரி ஷிந்தோ ரியூவில் சேர்ந்த முதல் வெளிநாட்டவர் என்று அமெரிக்கரான டான் டிரேகரைச் சொல்வார்கள். அவர் இறந்தது 1982இல். அந்த மரபை 1960இலேயே சிபா மாகாண அரசு பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருந்தது. அங்கே சேருபவர் ரத்தத்தால் முத்திரையிட்டு உறுதிமொழி தரும் வழக்கமும் உண்டு; அதைக் 'கெப்பான்' என்பார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே நுழைபவர் வாக்குக் கொடுத்துவிட்டு நுழைகிறார்.

சேர்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கொரியுவில் பாடம் கேட்பதைப் பல மரபுகள் விரும்புவதில்லை. ஒன்றின் கைப்பழக்கம் மற்றொன்றைக் கெடுக்கும் என்பது காரணம். ஏற்கெனவே வேறெங்காவது பழகுகிறீர்கள் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் சங்கடம்.

நான்காம் படி: கடிதம் எழுதுவது

தொலைபேசியைவிட மின்னஞ்சல் நல்லது. ஆசிரியர் யோசித்துப் பதில் எழுத முடியும். உங்களுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும். கடிதம் பத்து வரிக்குள் இருக்கட்டும். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், வயது, முன் அனுபவம், உடலில் ஏதாவது குறை, எதனால் இந்தக் கலையில் ஆர்வம் என்று முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு வகுப்பை வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்குப் பிறகு கேள்விகள்: நீங்கள் கற்பிப்பது எந்த மரபு, அதில் எந்தக் கிளை? உங்கள் ஆசிரியர் யார்? அவருடன் இப்போதும் தொடர்பு உண்டா?

கிளையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே மரபின் பெயரில் இரண்டு மூன்று கிளைகள் இருக்கும். ஒரு கிளையில் சரி என்பது மற்றதில் தவறாக இருக்கலாம். பின்னர் நீங்கள் சரிபார்க்கும்போது எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும்.

மரபின் பெயரையும் ஆசிரியரின் ஆசிரியர் பெயரையும் 'காஞ்சி' எனப்படும் ஜப்பானியச் சித்திர எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கண்ட வரையில் மிகச் சுருக்கமான சோதனை இதுதான். உண்மையாகக் கற்றவருக்கு அது தன் வீட்டு முகவரியைப் போல. உடனே அனுப்புவார். அந்த எழுத்துகளை இணையத்தில் தேடுங்கள். ஜப்பானிய மொழிப் பக்கங்களில் அந்த மரபும் அந்த ஆசிரியரும் இருக்கிறார்களா, தலைமை டோஜோவின் பக்கத்தில் வெளிநாட்டுக் குழுக்களின் பட்டியலில் உங்கள் ஊர் வருகிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்புக் கருவி போதும். வரவில்லை என்றால் தலைமை டோஜோவுக்கே நான்கு வரியில் பணிவாகக் கேட்டு எழுதலாம். பதில் வர ஒரு மாதம்கூட ஆகலாம், பொறுமையாக இருங்கள்.

"இப்படிக் கேட்டால் ஆசிரியரை அவமதிப்பது ஆகாதா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். ஆகாது. தன் குருவின் பெயரைச் சொல்வதில் மகிழ்ச்சி அடையாத ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்போது நான் கற்கும் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஆசிரியர் அரை மணி நேரம் தன் குருவைப் பற்றியே பேசினார். அவர் எந்தக் காலை முன்வைத்து நிற்பார், எதற்குக் கோபப்படுவார், வகுப்பு முடிந்ததும் எந்தத் தேநீர் குடிப்பார் என்பது வரை.

ஐந்தாம் படி: சேராமல் உட்கார்ந்து பாருங்கள்

ஒரு முறை அல்ல, முடிந்தால் இரண்டு முறை. கைப்பேசியை அணைத்துவிட்டு, ஓரமாக, காலை நீட்டாமல் உட்காருங்கள். கலை தெரியாதவரும் பார்க்கக்கூடிய சில இடங்கள் இருக்கின்றன.

இயாய்டோ வகுப்பு என்றால் வாளைப் பார்க்காதீர்கள், ஆசிரியரின் இடக்கையைப் பாருங்கள். செய்தெய்யின் முதல் கட்டா 'மாஎ'. மண்டியிட்டு அமர்ந்திருப்பவர் எழும்பியபடியே வாளை உருவி எதிராளியின் நெற்றிப்பொட்டு உயரத்தில் பக்கவாட்டில் வெட்டுவார். வலக்கை செய்வது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அந்த வெட்டுக்கு வேகம் தருவதில் பெரும் பங்கு, உறையைப் பின்னால் இழுக்கும் இடக்கையுடையது. இடக்கை சும்மா இருந்தால் வலக்கை தோளால் இழுக்கும், தோள் உயரும். நன்றாகக் கற்றவரின் தோள் உயராது, வாள் மட்டும் வெளியே வந்திருக்கும். முடிவில் வாளை உறையிலிடும்போதும் அந்தக் கையையே கவனியுங்கள். உறையின் வாயை விரல்களும் உள்ளங்கையும் மூடிக்கொள்ளும். வாளின் முதுகு அந்தக் கைமேல் வழுக்கிக்கொண்டு போகும். முனை விழுந்ததும் உறை முன்னால் வந்து வாளை வாங்கிக்கொள்ளும். பார்வை அப்போதும் எதிரே, விழுந்துகிடப்பதாகக் கருதும் எதிராளிமேல் இருக்கும். குனிந்து உறையைத் தேடுபவர் புதியவர். ஆசிரியரே தேடினால் யோசியுங்கள்.

இருவர் பழகும் கட்டா என்றால் யார் தோற்கிறார் என்று பாருங்கள். ஒருவர் 'உச்சிதாச்சி', தாக்கத் தொடங்குபவர். மற்றவர் 'ஷிதாச்சி', அதற்கு விடை சொல்லி வெல்பவர். பெரும்பாலான பழைய மரபுகளில் மூத்தவரே உச்சிதாச்சி. அதாவது ஆசிரியர்தான் ஒவ்வொரு முறையும் தோற்பார். மாணவன் சரியான நேரத்தில் சரியான தொலைவில் வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அவனுக்குத் தாங்கும் அளவுக்கு அழுத்தம் கொடுத்துக்கொண்டே தன்னை வெட்டக் கொடுப்பார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், மூன்று மாதமே பழகிய பெண்ணிடம் அப்படி நாற்பது முறை தோற்றதை ஒரு மாலையில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் மர வாள் அவள் நெற்றிக்கு நேராக வந்து நின்றது. நாற்பதாவது முறை அவள் நகர்ந்த விதம் முதல் முறையைப் போல இல்லை. ஆசிரியர் தானே வென்றுகொண்டிருக்கும் வகுப்பில் காட்சி நன்றாக இருக்கும், மாணவருக்குப் பாடம் குறைவாகவே இருக்கும்.

மூத்த மாணவர்களையும் பாருங்கள். அவர்கள் புதியவர்களுடன் பொறுமையாக இருக்கிறார்களா? பெண்கள் இருக்கிறார்களா, இயல்பாக நடத்தப்படுகிறார்களா? உலோக வாள் வீசும்போது இடையே போதிய தூரம் விடுகிறார்களா? வகுப்புக்கு முன் கைப்பிடியில் உள்ள 'மெகுகி' என்ற சிறு மூங்கில் ஆணியை ஒவ்வொருவரும் தடவிப் பார்க்கிறார்களா? வாள் கைப்பிடியை விட்டுப் பறக்காமல் பிடித்துவைத்திருப்பது அந்த ஆணிதான். அதைச் சரிபார்க்காத கூடத்தில் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

ஆறாம் படி: போலியின் அடையாளங்கள்

நான் முதலில் குடியேறிய ஊரில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. சுவரில் யாராலும் வாசிக்க முடியாத தூரிகை எழுத்துச் சுருள். ஆசிரியரின் ஹகாமாவில், அதாவது மடிப்பு வைத்த தளர்ந்த கீழாடையில், தங்க நூல் முத்திரை. தன் குடும்பத்துக்கு நெருங்கிய ஒரு ஜப்பானிய முதியவர் வேறு யாருக்கும் சொல்லாத மரபைத் தனக்கு மட்டும் ஒப்படைத்துவிட்டு இறந்ததாகச் சொன்னார். ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். முதல் மாதமே உலோக வாளைக் கையில் கொடுத்தார். சுழற்றவும் எறிந்து பிடிக்கவும் கற்பித்தார். ஒரு நாள் அந்த முதியவரின் பெயரை எழுதித் தரக் கேட்டேன். "நம்பிக்கை இல்லாதவனுக்கு வாள் வராது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதன் பிறகு நான் போகவில்லை.

பிறகு கூட்டமைப்பைச் சேர்ந்த ஓர் இயாய்டோ வகுப்புக்குப் போனேன். "கற்றதைச் செய்து காட்டுங்கள்" என்றார் ஆசிரியர். காட்டினேன். அவர் எதையும் குறை சொல்லவில்லை. என் இடக்கையைப் பிடித்து, உறையின் வாய்மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். "இங்கிருந்து தொடங்குவோம்" என்றார். 14 மாதத்தில் படிந்த பழக்கத்தைக் கை விடுவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. போலி ஆசிரியரால் வரும் நட்டத்தில் பணம் சிறியது, உடலில் பதிந்துவிடும் தவறான பழக்கமே பெரியது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த ஆசிரியரிடம் கண்டவற்றை வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன். சரிபார்க்கவே முடியாத, இறந்துபோன ஒரே குரு. பிற டோஜோக்களைப் பற்றிய ஓயாத பழிச்சொல். "தெருச் சண்டைக்கும் உதவும்" என்ற விளம்பரம். வாளுடன் நின்ஜாவையும் வேறு நான்கு கலைகளையும் ஒரே சான்றிதழில் அடக்குவது. கட்டணத்துடன் கட்டிவைத்த பட்டம். 'சோகே' என்ற பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்வது. மரபின் தலைமையைத் தாங்கும் குடும்பத் தலைவரைக் குறிக்கும் சொல் அது.

தேர்வில் தேறிப் பெறும் தகுதிப் படிக்கு 'டான்' என்று பெயர். அந்த டான் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். கென்டோ கூட்டமைப்பில் இப்போது 8ஆம் டானே உச்சம். முதல் டானுக்குப் பின் இரண்டாவதற்கு 1 ஆண்டு, மூன்றாவதற்கு 2, நான்காவதற்கு 3 என்று ஏறி, ஆறாவதிலிருந்து ஏழாவதற்கு 6 ஆண்டுகள், ஏழாவதிலிருந்து எட்டாவதற்கு 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒரு தேர்விலும் தவறாதவருக்கே முதல் டானிலிருந்து எட்டாவது வரை 31 ஆண்டுகள். எட்டாவது டான் தேர்வு எழுத 46 வயதாகவும் வேண்டும். தேறுபவர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆகவே 35 வயதில் 10ஆம் டான் என்று சுவரொட்டியில் கண்டால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். வேறு கூட்டமைப்புகளின் கணக்கு வேறு. சில பழைய மரபுக் கிளைகளும் பிற்காலத்தில் டான் வழங்குகின்றன. எந்த டானாக இருந்தாலும் அதைக் கொடுத்தது எந்த அமைப்பு என்று கேளுங்கள். "நானே தொடங்கிய அமைப்பு" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

நேர்மையாகத் தனியே புதிதாக ஒரு முறையை வகுத்தவர்களும் இருக்கிறார்கள். தோயாமா ரியூவே 1925இல் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் வகுக்கப்பட்டதுதான். அதை அப்படியே சொல்லித்தான் கற்பிக்கிறார்கள். புதியது என்பதில் இழிவு ஏதும் இல்லை. புதியதை 500 ஆண்டுப் பழமை என்று விற்பதுதான் மோசடி.

ஏழாம் படி: அருகில் யாருமே இல்லையென்றால்

வாள் வகையில் பிடிவாதம் வேண்டாம். 100 கிலோமீட்டருக்குள் நல்ல கென்டோ வகுப்புதான் இருக்கிறது என்றால் கென்டோவில் சேருங்கள். நிற்கும் முறை, தொலைவை அளக்கும் கண், இடக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் வாளைப் பிடிக்கும் விதம் எல்லாம் அங்கே கிடைக்கும். அதைவிட, மனிதர்கள் கிடைப்பார்கள். இயாய்டோ ஆசிரியர்கள் பலர் கென்டோவும் பழகுபவர்கள். எந்த ஊரில் யார் எப்போது முகாம் நடத்துகிறார் என்ற செய்தி அங்கேதான் முதலில் வரும்.

வாரம் ஒரு முறை முடியாதவர், மாதம் ஒரு முறை தொலைவிலுள்ள ஆசிரியரிடம் போய்வந்து, நடுவில் சொன்னதை மட்டும் வீட்டில் பழகலாம். அப்படி ஏழு மணி நேரம் ரயிலில் வந்துபோகும் ஒருவர் எங்கள் கூடத்தில் இருக்கிறார். உள்ளூரில் இருக்கும் எங்களைவிட அவர் முன்னேற்றம் குறைவில்லை.

காணொளி பார்த்துத் தனியே கற்கலாமா? ஆசிரியர் கிடைத்த பிறகு, அவர் காட்டியதை நினைவுபடுத்திக்கொள்ளக் காணொளி உதவும். தொடக்கத்திலேயே அது உதவாது. உங்கள் தோள் உயர்வதைத் திரை சொல்லாது.

ஜப்பானுக்குப் போய்த்தான் கற்பேன் என்பவர்கள் அதற்கு முன் உள்ளூரில் ஓராண்டாவது பழகிவிட்டு, அந்த ஆசிரியரின் அறிமுகத்துடன் போகட்டும். 'ஷோகாய்ஜோ' என்ற அறிமுகக் கடிதத்துக்கு அங்கே இன்றும் மதிப்பு உண்டு. அறிவிக்காமல் வாசலில் போய் நிற்பவருக்குத் தேநீர் கிடைக்கலாம். பாடம் கிடைப்பது கடினம்.

எட்டாம் படி: வாளும் சட்டமும்

முதல் மூன்று மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். நல்ல கூடங்களில் 'பொக்குதோ' என்ற மர வாளை இரவலாகத் தருவார்கள். அது ஏறத்தாழ 102 சென்டிமீட்டர் நீளம், பெரும்பாலும் ஓக் மரம். தளர்வான உடை போதும்.

பிறகு வாங்குவது 'இயாய்தோ' என்ற பயிற்சி வாள். கலையின் பெயர் இயாய்டோ, வாளின் பெயர் இயாய்தோ. உச்சரிப்பைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜப்பானில் செய்யப்படுவது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம், கூர் ஏற்ற முடியாதது. விலை சில நூறு டாலர்கள். நீளம் உங்கள் உயரத்தைப் பொறுத்தது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 2 ஷாக்கு 4 சுன், அதாவது 73 சென்டிமீட்டர் அளவுள்ள அலகு. ஆனால் மரபுக்கு மரபு நீளம் மாறும். அதனால் ஆசிரியரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் துருப்பிடிக்காத எஃகு வாளை ஒருபோதும் வீச வேண்டாம். கைப்பிடிக்குள் அதன் தண்டு மெல்லியதாக ஒட்டவைக்கப்பட்டிருக்கும். வீசும்போது முறிந்து பறந்தால் எதிரே நிற்பவர் உயிருக்கு ஆபத்து. கூரான வாள் பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆசிரியர் சொன்னால் மட்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமான வளைந்த வாள்களின் விற்பனைக்கு 2008இல் கட்டுப்பாடு வந்தது. மரபுமுறையில் செய்யப்பட்ட வாள்களுக்கும் போர்க்கலைப் பயன்பாட்டுக்கும் விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 முதல் வாள் தடைசெய்யப்பட்ட ஆயுதம். அனுமதி வழி தனியே இருக்கிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் வாளை ஆயுதமாகவே கருதுகிறது. கூர் இல்லாத பயிற்சி வாளும் காவலர் கண்ணுக்கு வாள்தான். உறையிலிட்டு, பையிலிட்டு, பூட்டி எடுத்துச் செல்லுங்கள். சங்க உறுப்பினர் அட்டையைக் கூடவே வைத்திருங்கள். பஸ்ஸிலோ பூங்காவிலோ பையைத் திறக்கவே வேண்டாம். உறுப்பினர் கட்டணத்தில் விபத்துக் காப்பீடு அடங்குகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

முதல் நாள்

நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கால் நகத்தையும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி வையுங்கள். நுழையும்போது தலை வணங்குங்கள். தரையில் கிடக்கும் எந்த வாளையும் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். பிறர் வாளைத் தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஆசிரியரைச் 'சென்செய்' என்று அழைக்கலாம்.

யாரோ ஒருவர் மூலையில் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அவர்தான் அங்கே மூத்தவர். இன்னொரு துடைப்பம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.